கொட்டாஞ்சேனை அகலக் கதவு

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வந்த நீங்கள் போடும் விளம்பரங்களை நான் தவறாமல் பார்க்கிறேன். ஓய்வுபெற்ற வீட்டு புரோக்கருக்கு வேறென்ன வேலை? "கொழும்பு 13இல் பழைமை மாறாத அழகிய வரிசை வீடு. கடை, கோயில், பள்ளிக்கூடம், பஸ் எல்லாம் நடக்கிற தூரம்." நல்ல படம், நல்ல வெளிச்சம். சுவரில் ஈரம் ஊறிய பக்கத்தை விட்டுவிட்டு மற்றப் பக்கத்தைத்தான் எடுத்திருக்கிறீர்கள், அதுவும் தெரிகிறது. பரவாயில்லை. நாங்களும் மழைவிட்ட நேரம் பார்த்து ஆட்களைக் கூட்டிப்போனவர்கள்தான்.

வீட்டு உறுதிப் பத்திரத்தை எப்படி வாசிப்பது, வழிப்பாதை யாருக்குச் சொந்தம், மாநகரசபையில் எந்த யன்னலில் நிற்பது என்பதெல்லாம் உங்களுக்கு ஒரு மாதத்தில் பழகிவிடும். அதற்கு நான் தேவையில்லை. உறுதியில் எழுதாத பாத்தியதை ஒன்று ஒரு வீட்டில் இருந்ததைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். நீங்கள் எல்லோரும் இப்போது வரிசை வீடு விற்கிறீர்கள், அதனால் இதைக் கேட்டு வையுங்கள்.

கொட்டாஞ்சேனையில் துறைமுகப் பக்கம் இறங்குகிற ஒடுங்கிய தெரு, ஒழுங்கை அது. வீடுகள் ஒன்றோடொன்று ஒட்டி நிற்கும். ஒரே கூரை, நடுவில் பொதுச்சுவர். ஒரு வீட்டில் இருமினால் அடுத்த வீட்டில் மருந்து சொல்வார்கள். எல்லா வீட்டுக்கும் ஒற்றைக் கதவு. கதவைத் திறந்தால் மூக்கில் இடிக்கிறமாதிரி மாடிப்படி. கடைசி வீட்டுக்கு மட்டும் இரட்டைக் கதவு. உள்ளே படி பின்பக்கம் இருந்ததால் முன்ஹோல் நீளமாக, தடையில்லாமல் கிடந்தது. அந்தக் கடைசி வீட்டைத்தான் நான் விற்கவேண்டியிருந்தது.

சொந்தக்காரி பிலோமினா டீச்சர். கலியாணம் செய்யாதவர். தாயும் தகப்பனும் போனபிறகு அத்தனை பெரிய வீட்டில் தனியாக இருக்கமுடியாமல் வத்தளையில் தங்கையோடு போய் இருந்தார். தங்கை வீட்டில் ஆட்கள் அதிகம். டீச்சருடைய கட்டில் நடைவழியில், துணி மினுக்கி இஸ்திரி போடும் மேசைக்குப் பக்கத்தில். அவர் அங்கேயே ஒரு தொடர்மாடிக் கட்டடத்தில் சின்ன வீடு ஒன்றைப் பார்த்துவைத்திருந்தார். கொட்டாஞ்சேனை வீட்டுக்கு முற்பணம் வந்தால்தான் அதைப் பிடிக்கலாம். அந்த வீட்டுக்காரன் திங்கட்கிழமைக்கு மேல் பார்த்துக்கொண்டிருக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டான். அதற்கு முதலே இரண்டு பேர் கொட்டாஞ்சேனை வீட்டைப் பார்த்து, பிடித்து, பிறகு நழுவியிருந்தார்கள்.

"எனக்குப் பெரிசா ஒண்டும் வேணாம் மிஸ்டர்," என்றார் டீச்சர் ஒருநாள். "கதவைப் பூட்டிப் படுக்க ஒரு அறை வேணும்."

மூன்றாவதாக வந்தவர்கள் வெள்ளவத்தைக்காரர். குகன் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கப்பல் ஏஜென்சியில் வேலை. காலையும் மாலையும் காலி ஊருக்குப் போகிற வீதியின் பஸ்ஸில் தொங்கிக் களைத்த மனிதன். வேலைக்கு நடந்து போகலாம் என்று நான் சொன்னதும் அவனுடைய முகத்தில் வந்த சந்தோசத்தைப் பார்த்து, வீட்டைக் காட்டாமலே விற்றுவிடலாம் போலிருந்தது. ஆனால் முடிவு எடுப்பது அவன் இல்லை, அவனுடைய அக்கா. தம்பியைப் படிக்கவைத்தவர் அவர். யாழ்ப்பாணத்தில் தன் பங்குக் காணியை விற்று இந்த வீட்டுக்குப் போடுகிறவரும் அவரே. கையெழுத்து குகனுடையது, வாய் அக்காவுடையது.

தண்ணீர் வேகமாக வருமா என்று கேட்பதற்கு முதலே அக்கா கேட்டார்: "இந்த வீட்டிலை ஆரும் செத்ததோ?"

யாழ்ப்பாணத்து ஆட்களுக்கு வீடு காட்டும்போது இந்தக் கேள்வி வரும். நான் டீச்சரிடம் முன்கூட்டியே கேட்டுவைத்திருந்தேன். தகப்பன், தாய் இரண்டு பேருமே ஆஸ்பத்திரியில் போனவர்கள். ஒருவரும் இல்லை என்றேன். அது உண்மைதான். அக்கா என் முகத்தை ஒருமுறை அளந்துவிட்டுக் குசினிப்பக்கம் அடுப்படியைப் பார்க்கப் போனார்.

நான் இரட்டைக் கதவைப் பெருமையாக விரித்துக் காட்டினேன். "பியானோகூட நேராக உள்ளே போகும்."

"எங்களிட்டைப் பியானோ இல்லை அண்ணை," என்று குகன் சிரித்தான்.

வரிசையில் ஒரு வீட்டுக்கு மட்டும் ஏன் இந்த அகலம், அந்த அகலத்தால் இதுவரை எது உள்ளே போனது என்று நான் யாரையும் கேட்கவில்லை. கதவு அகலமாக இருந்தது, விலை சொல்ல வசதியாக இருந்தது, அவ்வளவுதான் என் ஆராய்ச்சி. நீங்களாவது கேளுங்கள். ஒரேமாதிரி வீடுகளுக்கு நடுவில் ஒன்று வேறுமாதிரி இருந்தால் அது சும்மா இருக்காது.

ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் அந்த வீட்டிலேயே வைத்து முற்பணம் கொடுப்பதாக முடிவானது. டீச்சரும் வத்தளையிலிருந்து வருவதாக இருந்தார். நான் மத்தியானமே போய் யன்னல்களைத் திறந்து, பூட்டிக்கிடந்த மணத்தை வெளியேற்றிக்கொண்டிருந்தேன். இரட்டைக் கதவில் ஒன்று மட்டும் திறந்திருந்தது. வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். ரீட்டா, நடு வீட்டுக்காரி. அவளுடைய புருஷன் பியூஸ் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். ஆஸ்பத்திரியில் வைத்திருக்கிறார்கள் என்று நான் கேள்விப்பட்டிருந்தேன்.

"ஐயா, மத்தக் கதவையும் தொறந்து வைங்க. பின்னேரம் பெட்டி வருது," என்றாள்.

"என்ன பெட்டி?"

"பியூஸ் விடியப்பறம் போயிட்டார்."

நான் ஏதோ சொல்லி அனுதாபப்பட்டேன். பிறகுதான் அவள் சொன்னதன் முதல் பாதி எனக்கு உறைத்தது. "இங்கையா வைக்கப் போறீங்க?" என்று கேட்டேன்.

அவள் என்னை ஒருமாதிரிப் பார்த்தாள். நேரமும் காலமும் தெரியாதவன் என்று நினைத்திருப்பாள். "இங்கதானே. எங்கட வீட்டுக்குள்ள பெட்டி திரும்பாது, படி இடிக்கும். இந்த வரிசையில யார் போனாலும் டீச்சர் வீட்டு ஹோல்லதான் வைக்கிறது. டீச்சர்ட அப்பா காலத்துல இருந்தே அப்பிடித்தான். இங்க இருந்து தூக்கினா ஃபாதர்ட பூசைக்குக் கோயிலுக்கு நடந்தே போயிரலாம்."

அவள் என்னிடம் அனுமதி கேட்கவில்லை. கதவைத் திறக்கச் சொல்லிவிட்டு மேசைவிரிப்பு எடுக்கப் போய்விட்டாள். நடக்கிற தூரம் என்று நான் அத்தனை பேருக்கும் சொல்லி விற்றது அந்த ஒழுங்கைக்காரருக்கு வேறு கணக்கு.

இரண்டு குறுக்குவழிகள் உடனே தலைக்குள் வந்தன. உங்களுக்கும் வந்திருக்கும். ஒன்று, கதவைப் பூட்டிக்கொண்டு நழுவிவிட்டு, சாவி என்னிடம் இல்லை என்பது. மற்றது, குகனுக்குப் போன் செய்து, உறுதி எழுதுகிற நொத்தாரிசுக்குக் காய்ச்சல் என்று ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளுவது. எங்கள் தொழிலில் நொத்தாரிசுமாருக்குக் கண்டபாட்டுக்குக் காய்ச்சல் வரும், பாவங்கள். சனிக்கிழமை அடக்கம் முடிந்துவிடும். நிலத்தைக் கழுவி ஊதுபத்தி கொளுத்தினால் யாருக்குத் தெரியப்போகிறது?

இரண்டாவது வழி நல்ல வழியாகவே தெரிந்தது. கைப்பேசியைக் கையில் எடுத்தும்விட்டேன். ஆனால் குகனுடைய பெயரைத் தேடிக்கொண்டிருக்கையில் வேறொன்று பட்டது. இது பியூஸோடு முடிகிற விசயம் இல்லையே. அந்த வரிசையில் இன்னும் எத்தனையோ கிழங்கள் இருக்கின்றன. அடுத்த பெட்டி வரும்போது ரீட்டா போய் அக்காவிடம் "மத்தக் கதவையும் தொறந்து வைங்க" என்பாள். அக்கா என்ன செய்வார்? திறக்கவும் முடியாது, மறுத்துவிட்டு அந்த ஒழுங்கையில் காலம் தள்ளவும் முடியாது. நான் அவர்களுக்கு வீட்டை விற்கவில்லை, ஒரு பொறியை விற்றவனாகிறேன். எனக்குப் பெரிய மனச்சாட்சி என்று நினைக்கவேண்டாம். வெள்ளவத்தையில் அக்காவின் வாய்க்குத் தப்பித் தொழில் செய்யமுடியாது என்ற பயமும் அதில் பாதி.

முதலில் டீச்சருக்குப் போன் எடுத்தேன். பியூஸ் போனது அவருக்கு ஏற்கெனவே தெரியும். ஹோல் விசயத்தை ஏன் எனக்குச் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"அது ஒரு விசயமா மிஸ்டர்? கிணத்துல தண்ணி அள்ளுற மாதிரி. நாங்க அதைப் பத்திக் கதைச்சதே இல்ல." பிறகு சொன்னார்: "திறக்காதீங்க எண்டு என்னால சொல்ல ஏலாது. திறங்க எண்டு சொன்னா இந்த ஆக்களும் போயிருவாங்க. நான் என்ன செய்ய?"

"நான் அவர்களுக்கு இருக்கிறபடி சொல்லப்போறன் டீச்சர். அதுக்குப் பிறகு கதவைத் திறக்கிறன்."

"சொல்லத்தான் வேணுமா?"

"ஓம்."

"அப்ப கடவுள் விட்ட வழி," என்று வைத்துவிட்டார். அந்த நேரம் அவர் தங்கை வீட்டு நடைவழியில் நின்றுதான் பேசியிருப்பார். பின்னால் யாரோ பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்டது. எனக்கு அவரை நினைக்கக் கவலையாக இருந்தது.

குகனுக்கு எடுத்து ஒன்றையும் மறைக்காமல் சொன்னேன். அவன் கேட்டுவிட்டு, "அண்ணை, அக்காட்டைக் குடுக்கிறன்," என்றான். அவ்வளவு கெட்டிக்காரன்.

"ஒருத்தரும் சாகேல்லை எண்டு சொன்னனீங்கள்," என்றார் அக்கா.

"சாகேல்லைத்தான். வேறை வீட்டு ஆட்களைக் கொண்டுவந்து வைக்கிறவை எண்டு எனக்கு இண்டைக்குத்தான் தெரியும்."

"எத்தினை பேரை வைச்சிருக்கினம்?"

"தெரியாது. தகப்பன் காலத்திலையிருந்து எண்டால் வரிசையே போயிருக்கும்."

நான் அவர் கத்துவார் என்று காத்திருந்தேன். கத்தவில்லை. "நாங்கள் சொன்ன நேரத்துக்கு வாறம்," என்றார். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்கு விளங்கவில்லை. நான் போய் இரண்டாவது கதவின் கொண்டியைத் தட்டித் திறந்தேன். துரு ஏறவில்லை, வழுக்கிக்கொண்டு திறந்தது. அப்போதுதான் இந்தக் கதவு எவ்வளவு புழங்கியிருக்கிறது என்று புரிந்தது.

பின்னேரம் ஒழுங்கை முழுக்க வெள்ளைக்கொடி கட்டியிருந்தார்கள். பெட்டி கொண்டுவந்த ஆட்களில் ஒருவன், "அய்யே, பொட்டக் அயின் வென்ன," என்று சிங்களத்தில் என்னை ஒதுங்கச் சொன்னான். நான் ஒதுங்கினேன். பெட்டி எங்கும் முட்டாமல், யாரும் மூச்சுப் பிடிக்காமல், நேராக உள்ளே போனது. குகனும் அக்காவும் எதிர்ப்பக்கச் சுவரோரம் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அக்கா கையில் பையை இறுக்கிப் பிடித்திருந்தார்.

ஒழுங்கைக்காரர் ஒவ்வொருவராக வந்து உள்ளே போனார்கள். யாரும் வாகனத்தில் வரவில்லை. சிலர் குசினி உடுப்போடு, சிலர் வேலையால் வந்த கையோடு. அக்கா அதையெல்லாம் பார்த்து முடித்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"வீடு எங்களுக்கு வேணும்," என்றார்.

எனக்குக் காதை நம்பமுடியவில்லை.

"ஆனால் இதுதான் கடைசிப் பெட்டி. அதை இப்பவே அந்தச் சனத்துக்குச் சொல்லவேணும். சொன்னால் முற்பணம் தாறம்."

"அக்கா, இண்டைக்கோ?" என்றான் குகன்.

"இண்டைக்குத்தான். நாளைக்குச் சொன்னால், வெள்ளவத்தையிலையிருந்து வந்தவள் கதவைப் பூட்டிப்போட்டாள் எண்டு எனக்குப் பேர் வரும். நான் பூட்டினவள் இல்லை. திறந்து வைச்சவை பூட்டிக் குடுக்கட்டும்." பிறகு என்னைப் பார்த்தார். "நீங்கள்தானே புரோக்கர். போய்ச் சொல்லுங்கோ."

அவரை எனக்கு அந்த நிமிடம் பிடிக்கவில்லை. ஆனால் யோசித்துப் பார்க்க, அவர் சொன்னதில் பிழையும் இல்லை. பழக்கத்தைத் தொடங்கியது டீச்சர் வீட்டார். அதை முடிப்பதும் அவர்கள் வேலைதான். புதிதாக வருகிறவள் தலையில் ஏன் அதைக் கட்டுவது?

எங்கள் தொழிலே வார்த்தையைக் காவிச் சுமக்கிற தொழில். விற்கிறவர் சொல்லும் முரட்டு வார்த்தையைத் தேய்த்து மழுப்பி வாங்குகிறவரிடம் கொடுப்போம், அங்கிருந்து வருவதையும் அப்படியே. நான் நல்ல மழுப்பல்காரன். ரீட்டாவிடம் போய், "கொஞ்சம் யோசிக்கினம், பிறகு கதைப்பம்," என்று ஏதாவது சொல்லிவிட்டு, அக்காவிடம் வந்து "சொல்லிப்போட்டன்" என்றிருக்கலாம். இரண்டு பக்கமும் அந்த நாளைக்குத் திருப்தி. டீச்சருக்கு வீடு கிடைத்திருக்கும். என்னால் முடியவில்லை. பெட்டிக்குப் பக்கத்தில் நிற்கிறவளுக்கு எதைச் சொன்னாலும் உரிமையுள்ளவர் தன் வாயால் சொல்லவேண்டும். அதற்கு ஆளனுப்பக்கூடாது.

"டீச்சர் வாறா. அவ சொல்லுறது எண்டால் சொல்லட்டும். நான் சொல்லமாட்டன்," என்றேன்.

"அவ சொல்லாட்டி?"

"சொல்லாட்டி நீங்கள் போகலாம்."

அக்கா அதற்குச் சம்மதித்தார். குகன்தான் பாவம், வேலைக்கு நடந்து போகிற கனவு அப்படியே கண்ணில் தொங்கிக்கொண்டிருந்தது.

டீச்சர் பஸ்ஸால் இறங்கி, கையில் மெழுகுதிரிக் கட்டோடு நடந்து வந்தார். ஒழுங்கை முனையிலேயே மறித்துச் சொன்னேன். கூட்டாமல் குறைக்காமல், அக்கா சொன்ன மாதிரியே. அவர் குடையை மடக்கினார். மழை இல்லை, வெயிலும் இல்லை, ஏன் குடை பிடித்துக்கொண்டு வந்தார் என்று அவருக்கே தெரிந்திருக்காது.

"பியூஸுக்கு நான்தான் எழுத்துப் படிப்பிச்சனான்," என்றார்.

"வேண்டாம் எண்டால் விடுங்கோ டீச்சர். வேறை ஆட்கள் வருவினம்."

"திங்கட்கிழமைக்குள்ள வருவாங்களா?"

வரமாட்டார்கள் என்று இருவருக்கும் தெரியும்.

உள்ளே செபமாலை நடந்துகொண்டிருந்தது. டீச்சர் முழங்காலில் இருந்து முழுதும் சொல்லி முடித்தார். பிறகு எழுந்து பெட்டியின் தலைமாட்டில் இருந்த ரீட்டாவுக்குப் பக்கத்தில் போய் அமர்ந்து, அவள் கையைப் பிடித்தார். நான் வாசல் நிலையில் நின்றேன். அக்காவும் எனக்குப் பின்னால் வந்து நின்றதை அப்போதுதான் கவனித்தேன். செருப்பை வெளியே கழற்றிவிட்டு வந்திருந்தார், ஆனால் உள்ளே கால் வைக்கவில்லை.

"ரீட்டா," என்றார் டீச்சர், "வீட்டை விக்கிறன். வாங்குறவங்க இதுக்குப் பிறகு இங்க வைக்க விடமாட்டாங்க. பியூஸ்தான் கடைசி. நான்தான் ஓமெண்டு சொன்னனான். அவங்கள ஒண்டும் சொல்லாதீங்க."

ஹோலில் இருந்த எல்லோருக்கும் கேட்டது. மெதுவாகப் பேசுகிற பழக்கம் டீச்சருக்கு இல்லை, வகுப்பறைக் குரல். யாரோ ஒரு கிழவர் தொண்டையைச் செருமினார். சண்டை வரும் என்று நான் கதவுப்பக்கம் சரிந்தேன்.

ரீட்டா பெட்டியைப் பார்த்தாள். "பியூஸுக்குக் கிடைச்சிட்டுது," என்றாள். "நாங்க ரோட்டுல தறப்பாள் கட்டி வைப்பம் டீச்சர். மழை இல்லாட்டி சரி." பிறகு உண்மையான கவலையோடு, அன்றைக்கு முழுதும் அவள் தனக்காகக் காட்டாத கவலையோடு, டீச்சரின் கையைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு கேட்டாள்:

"உங்கள எங்க டீச்சர் வைப்பாங்க?"

அந்த ஹோலில் எத்தனையோ பேருக்கு இடம் கொடுத்த வீட்டில் கடைசியாக மிஞ்சியிருந்த ஆள் டீச்சர். தனக்கு ஓர் இடம் வேண்டும் என்று இத்தனை நாளும் அலைந்தவர், அந்தக் கேள்வியை மட்டும் தன்னிடம் கேட்டுக்கொண்டதில்லை. அழுகை வந்தது. அன்றைக்கு அங்கே சத்தமாக அழுதது டீச்சர் மட்டும்தான். ரீட்டா அவரைத் தேற்றிக்கொண்டிருந்தாள்.

நான் திரும்பிப் பார்க்க, அக்கா செருப்பைப் போட்டுக்கொண்டு ஒழுங்கையில் நின்றார். பையைத் திறந்து உறையை எடுத்து என்னிடம் நீட்டினார். "அவவிட்டைக் குடுங்கோ. நாளைக்கு நொத்தாரிசிட்டை வைச்சுக் கையெழுத்தை வாங்குவம்," என்றார். அவர் என்னை நேராகப் பார்க்கவில்லை. நல்ல விற்பனை, எல்லோரும் கேட்டது கிடைத்தது. அவர் பிறகு வேறு ஆட்களையும் என்னிடம் அனுப்பினார். எனக்கு அதற்குப் பிறகு அந்த ஒழுங்கையால் போகவேண்டி வந்தால் அடுத்த ஒழுங்கையால் சுற்றிப் போவேன்.

இதில் உங்களுக்கு என்ன பாடம் என்று கேட்டால், வீட்டைப் பார்க்கப் போகும்போது சொந்தக்காரரிடம் மட்டும் கேட்காதீர்கள். இரண்டு பக்கத்து வீட்டிலும் தட்டி, இந்த வீட்டால் உங்களுக்கு என்ன உதவி என்று கேளுங்கள். சொந்தக்காரருக்குத் தன் வீட்டைப் பற்றித் தெரியாதது அயலுக்குத் தெரிந்திருக்கும். தெரிந்ததை வாங்குகிறவரிடம் முதலிலேயே சொல்லுங்கள். வியாபாரம் கெடும் என்று பயப்படவேண்டாம். வியாபாரம் பெரும்பாலும் கெடுவதில்லை.

திங்கட்கிழமை நான் டீச்சரோடு வத்தளைக்குப் போனேன். அந்த மாடி வீடு சின்னது, சுத்தமானது. படுக்கையறைக் கதவுக்கு நல்ல பூட்டு. டீச்சர் உள்ளே அதிக நேரம் நிற்கவில்லை. வெளியே வந்து படிக்கட்டு வளைகிற இடத்தைப் பார்த்தார். லிஃப்ட் கதவைத் திறக்கச் சொல்லி அதற்குள்ளும் எட்டிப் பார்த்தார்; மூன்று பேர் நெருக்கி நிற்கலாம், அவ்வளவுதான். வீட்டுக்காரன் லிஃப்ட் புதிது, பழுதே வராது என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தான்.

"என்னை நிக்கவைச்சுத்தான் கொண்டு போவாங்க போல," என்றார் டீச்சர்.

வீட்டுக்காரனுக்கு விளங்கவில்லை. டீச்சர் கையை நீட்டிச் சாவியை வாங்கிக்கொண்டார்.